கடற்கரை ரிசார்ட்டில் உணவு வலைப்பதிவர் மாநாடு: போகலாமா, போனால் என்ன செய்வது?

வெப்பமண்டலக் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் சில நாட்கள் நடக்கவிருக்கும் உணவு வலைப்பதிவர் மாநாட்டுக்கு உங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. பயணச் செலவும் பதிவுக் கட்டணமும் உங்களுடையவை. தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் ரிசார்ட் ஏற்றுக்கொள்கிறது. இதற்குப் போவதால் பயன் உண்டா, போனால் எப்படித் தயாராவது, இலவசமாக உபசரித்தவர்களைப் பற்றித் திரும்பி வந்து நேர்மையாக எழுத முடியுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். போகலாம் என்பதே என் பதில். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தபடியே உங்கள் வாசகருக்குத் தர முடியாத ஏதோ ஒன்றை அங்கிருந்து கொண்டுவர முடியும் என்று நீங்கள் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அது நல்ல விடுமுறையாக இருக்கலாம். மாநாட்டுக்குப் போனதாக ஆகாது. கீழே நான் சொல்பவை எல்லாம் இந்த ஒரே அளவுகோலிலிருந்து வருபவை.

உணவு வலைப்பதிவர்களுக்கென்றே தனி மாநாடுகள் நடத்தும் வழக்கம் ஏறக்குறைய 2009இல் வலுப்பெற்றது. சர்வதேச உணவு வலைப்பதிவர் மாநாடு அமெரிக்காவில் தொடங்கியது அந்த ஆண்டில்தான். எழுத்து, ஒளிப்படம், வருமானம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் கூடினால் நேரம் மிச்சமாகும் என்பதே அதன் அடிப்படை. அந்தத் தேவை இன்றும் மாறவில்லை. மாறியிருப்பது பணம் வரும் வழி. பங்கேற்பாளர்கள் கட்டும் கட்டணத்தில் மட்டும் இத்தகைய மாநாட்டை நடத்திவிட முடியாது என்பதால், உணவு நிறுவனங்களும் சமையல் கருவி நிறுவனங்களும் விளம்பர இடைத்தரகர்களும் இடம் தரும் விடுதியும் செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இப்படிப் பகிர்ந்துகொள்ளும் ஒவ்வொருவருக்கும் உங்களிடமிருந்து ஒன்று வேண்டும். அதில் தவறேதும் இல்லை. யாருக்கு என்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிறவருக்கு அங்கே எந்தச் சங்கடமும் வராது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அமைப்பாளர்களிடம் எழுத்து மூலமாகச் சிலவற்றைக் கேளுங்கள். அமர்வுகளில் எத்தனை விளம்பரதாரர்களால் நடத்தப்படுகின்றன, எத்தனை தனிப்பட்ட வல்லுநர்களால் நடத்தப்படுகின்றன என்பது முதல் கேள்வி. கையால் செய்து பார்க்கும் பயிற்சிகளில் எத்தனை இடங்கள் உள்ளன, அவற்றுக்குத் தனிப் பதிவு வேண்டுமா என்பது அடுத்தது. இந்தத் தேதி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதையும் தயங்காமல் கேட்கலாம். கடற்கரை விடுதிகள் அறைகள் காலியாக இருக்கும் பருவத்தில்தான் மாநாடுகளுக்குச் சலுகை தருகின்றன. அந்தப் பருவம் பல இடங்களில் மழைக்காலமாகவோ புயல்காலமாகவோ இருக்கும். அட்லாண்டிக் கடல் பகுதியில் ஜூன் முதல் நவம்பர் வரை அதிகாரபூர்வமான புயல் பருவம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள கடல்களில் ஏறக்குறைய நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மழைக்காலம் என்பதற்காகப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. மேகமூட்டமான வானம் உணவுப் படத்துக்கு மிக நல்ல வெளிச்சம் தருவது. ஆனால் பயணம் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா, உங்கள் பயணக் காப்பீடு புயலை உள்ளடக்கியதா என்பவற்றை அப்போதே பார்த்துவிட வேண்டும். வெளிநாடாக இருந்தால் விசா வகையையும் விசாரியுங்கள். பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு படம் எடுப்பதையும் எழுதுவதையும் சில நாடுகள் சுற்றுலாவாகக் கருதாமல் வேலையாகவே கருதும்.

பதிவுப் படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் விதிகளைப் பலர் படிப்பதில்லை. அவற்றில்தான் உங்கள் உழைப்பின் உரிமை அடங்கியிருக்கிறது. மாநாட்டில் எடுக்கும் படங்களையும் காணொளிகளையும் விடுதியும் விளம்பரதாரர்களும் உலகெங்கும், என்றென்றைக்கும், கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கக்கூடும். குறிப்பிட்ட ஹேஷ்டேகைப் போட்டுப் பகிரும் போட்டிகளின் விதிகளிலும் அதே வரி ஒளிந்திருக்கும். பயன்படுத்தும் காலத்தையும் இடத்தையும் வரையறுக்கும்படி, படத்துடன் உங்கள் பெயரைப் போடும்படி கேட்டால் பெரும்பாலான அமைப்பாளர்கள் ஒப்புக்கொள்வார்கள். கேட்காதவர்களுக்கு மட்டுமே அந்த வரி அப்படியே நிற்கிறது. இத்தனை பதிவுகள், இத்தனை படங்கள் என்று கணக்குச் சொல்லிக் கேட்டால் அது ஒப்பந்த வேலை. பாராட்டித்தான் எழுத வேண்டும் என்று வந்தால் மறுத்துவிடுங்கள். வெளியிடும் முன் தகவல் பிழைகளைச் சரிபார்க்கக் காட்டுவது வேறு, ஒப்புதல் வாங்குவது வேறு. இரண்டாவதற்கு இடம் கொடுத்தால் பிறகு வாசகரிடம் சொல்வதற்கு உங்களுடையது என்று எதுவும் மிஞ்சாது.

பயண மூட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்கலங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உதிரி லித்தியம் மின்கலங்களும் பவர் பேங்குகளும் விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாதவை; கையில் எடுத்துச் செல்லும் பையில்தான் வைக்க வேண்டும். வாட்-மணி என்பது மின்கலம் தேக்கும் ஆற்றலின் அளவு. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது பொதுவான விதி. 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட்-மணிதான் என்பதால் கவலை வேண்டாம். ஆனால் திறன் அச்சிடப்படாத பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுக்க நேரலாம். உங்கள் சொந்தக் கத்தியைக் கொண்டு போவதானால் அது நேர்மாறு: கைப்பையில் வைக்கக் கூடாது, பெரிய பெட்டியில் உறையிட்டு வைக்க வேண்டும்.

கேமராவுக்கு வெப்பமண்டலக் கடற்கரையில் இரண்டு எதிரிகள்: ஈரமும் உப்பும். குளிரூட்டப்பட்ட அறையில் 22 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்கக் கிடந்த கேமராவை அப்படியே வெளியே எடுத்து வந்தால் லென்ஸ் முழுவதும் மூடுபனி படிந்துவிடும். வெளியே 31 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், ஏறக்குறைய 27 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் காற்றிலுள்ள நீராவி நீராகப் படியும் என்பதே காரணம். லென்ஸின் வெளிப்பரப்பில் படிவதைத் துடைத்துவிடலாம். உட்புறம் படிந்தால் பூஞ்சை வரை போகும். அறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கேமராவைக் காற்றுப்புகாத ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே வந்ததும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் பையைத் திறக்காமல் வைத்திருந்தால் கருவி வெளி வெப்பத்துக்கு வந்துவிடும். ஈரமும் பையின் மேல்தான் படியும். கைபேசிக்கும் இதே முறைதான். அலை ஓரத்தில் வேலை செய்தால் கண்ணுக்குத் தெரியாத உப்புத்திவலை எல்லாவற்றின் மேலும் படியும். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் படிகமே கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெல்ல ஒற்றிய பிறகே உலர்ந்த துணியைத் தொடுங்கள். மணல் பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர்கள் திட்டமிடலில் சறுக்குவது இங்கேதான். மாலையின் பொன்வெளிச்சத்தில் கடலைப் பின்னணியாக வைத்து நிதானமாகப் படம் எடுக்கலாம் என்று எண்ணிக்கொண்டு போகிறோம். நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. மணிக்கு 15 டிகிரி என்ற வேகத்தில் அது இறங்குவதால், மறைந்த பிறகு அந்தி வெளிச்சம் 20 முதல் 25 நிமிடங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. சூரியன் சாய்வாக இறங்கும் வட நாடுகளில் கிடைக்கும் நீண்ட அந்தி இங்கே இல்லை. மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் மாலை அமர்வு முடிவதற்கும் சூரியன் மறைவதற்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து, எடுக்க வேண்டிய படங்களை முன்கூட்டியே முடிவு செய்து, தட்டு வைக்கும் இடத்தை மதியமே பார்த்து வைக்க வேண்டும். என் அனுபவத்தில் காலை நேரம் அதைவிட நல்லது. சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரத்தில் காற்று அடங்கியிருக்கும், மேசைகள் காலியாக இருக்கும், சமையலறையிலிருந்து வெளிவரும் முதல் தட்டுகள் புதிதாக இருக்கும்.

நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது திறந்தவெளியில் உணவைப் படமெடுப்பது வீண் வேலை. கிண்ணத்தின் விளிம்பு நிழல் உணவின் மேலேயே விழும்; எண்ணெயும் நீரும் பட்ட இடமெல்லாம் வெளுத்துப்போகும். தாழ்வாரத்தின் நிழலுக்குள் வந்து, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும்படி உட்காருங்கள். வெண்மணலிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சமே போதுமானது. கையில் ஒரு வெள்ளைத் துணி இருந்தால் அதுவே திரை, அதுவே பிரதிபலிப்பான். இங்கே கவனிக்க வேண்டியது நிறம். சிவப்புக் குடையின் கீழ் வைத்த உணவு சிவப்பாகவும், நீச்சல் குளத்தின் ஓரத்தில் வைத்த உணவு நீலப்பச்சையாகவும் படத்தில் வரும். மனிதக் கண் இதைத் தானே திருத்திக்கொள்வதால் அந்த இடத்தில் நமக்குத் தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு ஒயிட் பேலன்ஸை, அதாவது படத்தின் நிறச் சமநிலையை, துல்லியமாகச் சரிசெய்யலாம். கடற்கரை இரவு விருந்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உணவு செம்மஞ்சளாகத்தான் இருக்கும். அதை இருக்கிறபடியே விட்டுவிடுவதே சரி என்பது என் எண்ணம். பிரகாசமான எல்இடி விளக்கைக் கொண்டு போய் மற்றவர்களின் விருந்தைக் கெடுக்க வேண்டாம். கடலாமைகள் முட்டையிடும் கரையாக இருந்தால் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகர்பவை என்பதால், கரையில் எரியும் விளக்கு அவற்றைக் கடலுக்குப் போகவிடாமல் வழிதவறச் செய்கிறது. அத்தகைய இடங்களில் விடுதிகள் விதிக்கும் விளக்குக் கட்டுப்பாட்டை மீறக் கூடாது.

இனி அமர்வுகள். தேடுபொறி, விளம்பர வருமானம், சமூக ஊடகம் ஆகியவை எல்லா மாநாட்டிலும் இருக்கும். இவற்றின் அடிப்படையை நீங்கள் எங்கிருந்தும் கற்றுக்கொள்ளலாம். கூகுள், பிங், யாஹூ ஆகியவை சேர்ந்து 2011இல் தொடங்கிய ஸ்கீமா குறியீட்டில், அதாவது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீட்டில், சமையல் குறிப்புக்கெனத் தனி வகை இருக்கிறது. சமைக்கும் நேரம், அளவு, பொருட்கள் ஆகியவற்றை அதில் ஒழுங்காக நிரப்பினால் தேடல் முடிவில் குறிப்பு படத்துடன் தெரிய வாய்ப்பு உண்டு. தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுகிறவர்களுக்கான வழிகாட்டியில் கூகுள் 2022 டிசம்பரில் நேரடி அனுபவத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. இவற்றை விளக்கும் பேச்சு பதிவு செய்யப்பட்டுப் பிறகு கிடைக்கும் என்றால், அந்த நேரத்தை வேறு ஏதாவதற்குச் செலவிடுங்கள். தவறவே விடக்கூடாதவை உங்கள் படத்தையோ எழுத்தையோ ஒரு வல்லுநர் உங்கள் முன்னாலேயே எடுத்துத் திருத்திக் காட்டும் சிறு குழு அமர்வுகள். ‘இந்தப் பத்தி எதற்கு?’ என்று ஒருவர் நேருக்கு நேர் கேட்பதன் பயன் எந்தக் காணொளியிலும் இல்லை.

ஆனால் ரிசார்ட்டில் நடக்கும் உணவு மாநாட்டின் உண்மையான செல்வம் கூட்ட அரங்கில் இல்லை, பின்கட்டில் இருக்கிறது. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் சமையலறையை உள்ளிருந்து பார்ப்பதற்கு ஒரு வீட்டுச் சமையல்காரருக்கு வேறு எப்போது வாய்ப்புக் கிடைக்கும்? வருவதற்கு முன்பே அமைப்பாளர் வழியாகத் தலைமைச் சமையற்காரருக்கு எழுதி, ஒரு மணி நேரம் கேளுங்கள். மதிய உணவு முடிந்து இரவுச் சமையல் சூடுபிடிப்பதற்கு முன், பிற்பகல் மூன்று மணியை ஒட்டிய இடைவெளிதான் பொதுவாக அவர்களுக்கு மூச்சுவிடும் நேரம். மூடிய காலணி அணிந்து, தலைமுடியைக் கட்டிக்கொண்டு, டிரைபாட் இல்லாமல் போங்கள். சூடான பாத்திரங்களோடு ஆட்கள் நடக்கும் வழியில் முக்காலியை விரிப்பது ஆபத்து. படம் எடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். மேலாளர் ஒப்புக்கொண்டார் என்பதால் காய்கறி நறுக்குகிறவரும் ஒப்புக்கொண்டதாக ஆகாது.

அங்கே என்ன கேட்பது? மீன் எந்த நேரத்தில், யாரிடமிருந்து, எப்படி வருகிறது என்று கேளுங்கள். காய்கறியில் எவ்வளவு அருகில் விளைவது, எவ்வளவு கப்பலிலோ விமானத்திலோ வருவது என்று கேளுங்கள். சிறிய தீவு என்றால் குடிநீரே கடல்நீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்துக் கிடைப்பதாக இருக்கலாம். அப்படியானால் சமையலறையில் ஒவ்வொரு பாத்திரம் கழுவுவதிலும் எரிபொருளின் விலை இருக்கிறது. மீந்த உணவு என்னவாகிறது என்ற கேள்வியையும் மரியாதையுடன் கேட்கலாம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் ஏறக்குறைய 29 கோடி டன் உணவகங்களும் விடுதிகளும் போன்ற உணவுச் சேவைத் துறையைச் சேர்ந்தது. பஃபே மேசை இரவு கடைசி விருந்தினர் வரும்வரை நிறைந்தே தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இதில் ஒரு காரணம். அந்த எதிர்பார்ப்பை வளர்ப்பதில் நாம் எடுக்கும் படங்களுக்கும் பங்கு உண்டு. சிறு பாத்திரங்களில் அடிக்கடி நிரப்பும் முறைக்கு மாறிய ஒரு சமையலறையைப் பார்த்தால் அதை எழுதுங்கள். நிரம்பி வழியும் மேசையைவிட அது வாசகருக்குப் பயனுள்ள செய்தி.

முடிந்தால் ஊழியர் உணவகத்தில் ஒருவேளை சாப்பிட அனுமதி கேட்டுப் பாருங்கள். விருந்தினருக்கான மேசையில் உலகம் முழுதும் பழக்கமான உணவுகள்தான் பெரும்பாலும் இருக்கும். வெவ்வேறு நாக்குகளுக்குப் பொதுவாக இருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு உண்டு. சமைப்பவர்கள் தங்களுக்காகச் சமைத்துக்கொள்வது வேறாக இருக்கும். அதில் அந்த மண்ணின் ருசி இருக்கும், அதைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகமும் மலரும். என் கணக்கில் ஒரு மாநாட்டுப் பயணத்தின் செலவு திரும்பக் கிடைப்பது அந்தத் தட்டில்தான். ஒருவேளை அனுமதி கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். அது அவர்கள் ஓய்வெடுக்கும் இடம் என்பதால் மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

உணவுப் பாதுகாப்பைப் பற்றி நாமே அதிகம் கவனமாக இருக்க வேண்டும். படமெடுப்பவர்களின் பழக்கமே நம்மை ஆபத்துக்கு அருகில் கொண்டுபோகிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும் என்பதால், சூடான உணவை 60க்கு மேலும் குளிர்ந்ததை 5க்குக் கீழும் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. கடற்கரை மேசையில் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்துக் கும்பலாகப் படமெடுக்கும்போது அந்த ஒரு மணி நேரம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். படத்துக்கு ஒரு தட்டு, சாப்பிடுவதற்கு வேறொரு தட்டு என்று பிரித்துக்கொள்வதே பாதுகாப்பு. படத்துக்கு வைத்ததை அளவில் சிறியதாகக் கேட்டு வாங்கினால் வீணாவதும் குறையும். சோறு விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்து, சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது.

கடலுணவில் மேலும் மூன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சைச் சிப்பிகளில் விப்ரியோ வகை நுண்ணுயிர் வெதுவெதுப்பான கடல்நீரில் பெருகும் என்பதால், கல்லீரல் நோய் உள்ளவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் அவற்றைத் தொடவே கூடாது. பவளப்பாறைப் பகுதிகளில் வாழும் சீலா, களவா போன்ற பெரிய மீன்களில் சிகுவாட்டெரா நஞ்சு சேர்ந்திருக்கலாம். அது சுவையிலும் மணத்திலும் தெரியாது, சமைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது. சூரை போன்ற மீன்கள் பிடிபட்டதிலிருந்து சரியாகக் குளிரூட்டப்படாவிட்டால் அவற்றில் ஒவ்வாமை போன்ற அறிகுறிகளைத் தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். அதையும் சமையல் அழிப்பதில்லை. இவை யாரையும் பயமுறுத்துவதற்குச் சொல்பவை அல்ல. ‘இந்த மீன் எந்த இடத்தில் பிடித்தது, எப்போது ஐஸில் வைத்தீர்கள்?’ என்ற கேள்விக்கு நல்ல சமையலறையில் உடனே பதில் வரும். அந்தப் பதிலே உங்கள் பதிவுக்கு உயிருள்ள ஒரு பத்தியாகும். உங்களுக்கு ஒவ்வாமை இருந்தால் பதிவுப் படிவத்தில் எழுதியது போதும் என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு வேளையும் பரிமாறுகிறவரிடம் திரும்பச் சொல்லுங்கள். பஃபேயில் ஒரு பாத்திரத்தின் கரண்டி இன்னொன்றுக்குப் போய்விடும் என்பதால் சமையலறையிலிருந்து நேரடியாகத் தட்டு கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ருசி பார்ப்பதும் உழைப்புதான். ஒரே நாளில் பல சுவை அமர்வுகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம். மென்மையானதிலிருந்து காரமானதற்குப் போங்கள். குறிப்பை உடனுக்குடன் எழுதுங்கள், மாலையில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். நறுமணமுள்ள சன்ஸ்கிரீன் கிரீமைத் தடவிய கையால் எதை எடுத்தாலும் அந்த மணம்தான் முதலில் வரும். மணமற்றதை வாங்குங்கள், அமர்வுக்கு முன் கையைக் கழுவுங்கள். பவளப்பாறைகளைக் காக்கும் பொருட்டு பசிபிக் தீவு நாடான பலாவ் 2020இலும் அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2021இலும் ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனைக்குத் தடை விதித்தன. ஆகவே வாங்கும்போதே உள்ளடக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது. குளிர்ச்சி நாக்கின் இனிப்புணர்வைக் குறைக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வெயிலில் வந்து குடிக்கும் ஐஸ் போட்ட பானமும் ஐஸ்கிரீமும் அளவாக இனிப்பதாகத் தோன்றினால், அவற்றில் சர்க்கரை தாராளமாகவே இருக்கிறது என்று கொள்ளலாம். அந்தக் குறிப்பை வீட்டில் செய்து பார்க்கும்போது இது உதவும்.

மனிதர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய பெயர் பெற்றவர்களைச் சுற்றி நிற்பதைவிட, உங்களைப் போன்ற நிலையில் இருக்கும் இரண்டு மூன்று பேரைக் கண்டுபிடியுங்கள். மாநாடு முடிந்த பிறகு ஒருவர் வரைவை மற்றவர் படித்துத் திருத்தும் பழக்கம் அவர்களிடமிருந்துதான் வரும். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். விளம்பரதாரரிடம் பேசும்போது உங்கள் வாசகர்கள் யார், அவர்கள் என்ன சமைக்கிறார்கள் என்று தெளிவாகச் சொல்ல முடிந்தால், எண்ணிக்கை சிறியதாக இருப்பது குறையாகாது.

கடைசியாக, நேர்மை. இலவசத் தங்கலைப் பெற்றுக்கொண்டு நேர்மையாக எழுத முடியும். ஆனால் பெற்றதை மறைத்துக்கொண்டு முடியாது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2009இல் திருத்திய வழிகாட்டுதலில் வலைப்பதிவர்களையும் கொண்டுவந்தது. பணமோ பொருளோ பெற்றால் அதை வாசகருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பயணங்களையும் விடுதித் தங்கலையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய தொடர்பாகவே கருதுகிறது. வேறு பல நாடுகளிலும் இதுபோன்ற விதிகள் உள்ளன. இலவசத் தங்கலின் மதிப்பு சில நாடுகளில் வருமானமாகவும் கணக்கிடப்படும் என்பதால் வரி ஆலோசகரையும் கேளுங்கள். அறிவிப்பைப் பதிவின் அடியில் போடாதீர்கள். ‘இந்த மாநாட்டில் என் தங்குமிடத்தையும் உணவையும் ரிசார்ட் ஏற்றுக்கொண்டது, பயணச் செலவு என்னுடையது’ என்று முதல் பத்தியிலேயே எளிய சொற்களில் எழுதுங்கள். ஒவ்வொரு சமூக ஊடகப் பதிவிலும் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். படத்தை மட்டும் பார்க்கிறவர் உங்கள் தளத்துக்கு வரமாட்டார். விடுதிக்கோ விளம்பரதாரருக்கோ தரும் இணைப்பில், கூகுள் 2019 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய ‘ஸ்பான்சர்டு’ குறியை, அதாவது இது விளம்பர இணைப்பு என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியை, சேர்த்துவிடுங்கள்.

குறையை எழுதலாமா என்று தயங்குகிறீர்கள். மாநாட்டில் உங்களுக்குக் கிடைத்த கவனிப்பு ஒரு சாதாரண விருந்தினருக்குக் கிடைக்காது என்பதால், அறையையும் பணிவிடையையும் மதிப்பிட்டு எழுதுவதைத் தவிர்ப்பதே நேர்மை என்று நான் கருதுகிறேன். உங்கள் அனுபவம் அவருக்கு வழிகாட்டாது. உணவைப் பற்றிய குறையை, தட்டில் இருந்ததை விவரித்து, காரணத்தோடு எழுதுங்கள். பாதுகாப்புக் குறை எதையாவது கண்டால் பதிவு வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

சமையற்காரர் ஒரு குறிப்பைத் தந்தால் அவர் பெயரைச் சொல்லி வெளியிடுங்கள். பொருட்களின் வெறும் பட்டியலுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் சொல்கிறது. ஆனால் சட்டம் அனுமதிப்பதால் பெயரை விட்டுவிடுவது முறையாகாது. அந்தக் குறிப்பை வீட்டில் சமைத்துப் பார்க்காமல் வெளியிடவும் கூடாது. விடுதியின் அடுப்பு உங்கள் அடுப்பைவிடப் பல மடங்கு சூடானது. அவர்களுடைய ‘காம்பி ஓவன்’ அடுப்பில் நீராவியும் வெப்பக்காற்றும் சேர்ந்தே வேலை செய்கின்றன. இருநூறு பேருக்கான அளவை நான்கு பேருக்கு வகுத்தால் நீரும் நேரமும் அதே விகிதத்தில் குறைவதில்லை, அகலமான சிறு பாத்திரத்தில் நீர் விரைவாக ஆவியாகிவிடும். எல்லா அளவுகளையும் கிராமில் கேட்டு வாங்கி வந்து, உப்பையும் காரத்தையும் கடைசியில் ருசி பார்த்துச் சேர்த்து, சரியாக வரும்வரை செய்து பாருங்கள். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். மாநாடு முடிந்த மறுநாளே பதிவு வர வேண்டும் என்று அமைப்பாளர் விரும்பினால், படங்களோடு ஒரு சிறு குறிப்பை அப்போது வெளியிட்டுவிட்டு, சமையல் குறிப்பைச் சோதித்து முடித்த பிறகு தனியாக வெளியிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குறிப்பு வெளியானதும் அதன் இணைப்பையும், சமையலறையில் எடுத்த நல்ல படங்களையும் அந்தச் சமையற்காரருக்கே அனுப்பி வையுங்கள்.